ஊன்றிய கால்

விடிய மூன்றரை மணிக்கு மருமகன் போனில் ஒரு படம் அனுப்புவான். படம் என்றால் எங்கள் ஏரிதான். ஒன்ராறியோ ஏரியை வானத்திலிருந்து பார்த்து நிறம் தீட்டிய படம். நடுவில் பச்சை, தெற்கே அமெரிக்கக் கரையோரம் மஞ்சளும் செம்மஞ்சளும், எங்கள் வடகரையை ஒட்டி ரொறொன்ரோவிலிருந்து போர்ட் ஹோப் பக்கமாக நீளும் ஒரு நீல நாடா. கீழே ஒரு வரிதான் எழுதியிருப்பான்: "மாமா, நீலம் வந்திட்டுது. வெளிக்கிடுங்கோ."

நீலம் என்றால் குளிர்ந்த தண்ணீர். நாங்கள் தேடிப்போகிற சினூக் சால்மன் 10 முதல் 13 பாகை வரையான தண்ணீரை விரும்புகிற மீன். கோடையில் மேல்தண்ணீர் 20 பாகையைத் தாண்டினால் அது ஆழத்துக்கு இறங்கிவிடும். குளிர்நீர் கரைக்கு ஏறி வரும் நாளில் அதுவும் கூட வரும். நீலமும் பச்சையும் முட்டுகிற விளிம்பில் சிறுமீன் கூட்டம் சேரும், அதைத் தின்னப் பெருமீன் வரும். அந்த விளிம்பை விரலால் பெருப்பித்துப் பார்த்து, எங்கே தூண்டிலை இறக்குவது என்று படுக்கையில் இருந்தபடியே முடிவெடுத்துவிடலாம்.

எனக்கு வயது 59. பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, வல்லிபுர ஆழ்வார் தீர்த்தமாட வரும் கடலுக்குக் கிட்டப் பிறந்தவன். தொழிலுக்குப் போகிற குடும்பம். எங்கள் ஊரில் 'தொழில்' என்றால் கடல்தான், வேறு பெயர் தேவையில்லை. இங்கே வந்து 20 வருடத்துக்கு மேலாகக் குளிரறைக் கிடங்கு ஒன்றில் வேலை. பகல் முழுவதும் வெப்பமானிகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு பாகை பிழைத்தால் எத்தனை பெட்டி இறைச்சி பழுதாகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்த நிறப்படத்தை முதன்முதலில் கண்டபோது எனக்கு அது மாயமாகத் தெரியவில்லை. என் வேலைத்தலத்தின் சுவரில் தொங்குகிற அதே கணக்கு, ஏரியின் மேல் விரித்துப்போட்டது போல இருந்தது.

ஆனால் அதைக் கண்ட நாளிலிருந்து ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அதைச் சொல்ல என் ஐயாவின் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐயா வள்ளத்தைத் தள்ளுமுன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வலக்கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அந்தக் கை பார்க்கும். பிறகு கையை எடுத்து, உதறாமல், அந்த ஈரத்தோடேயே நெற்றியைத் தொட்டுக் கும்பிடுவார். "எதுக்கு ஐயா கையை விட்டனீங்கள், தண்ணி பாக்கவோ, சாமி கும்பிடவோ?" என்று நான் கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே விளங்கியிருக்காது. அவருக்கு அது ஒரே காரியம்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. அன்றைய முதல் மீனைத் திரும்பக் கடலில் விட்டுவிடுவார். "அதிபத்தருக்கு" என்று வாய்க்குள் சொல்வார், அவ்வளவுதான்.

அந்தக் கையில் ஒன்றாக இருந்த இரண்டையும் இந்தப் படம் பிரித்துவிட்டது. தண்ணீரைப் பார்ப்பது செய்மதியின் பொறுப்பாகிவிட்டது. கும்பிடு மட்டும் தனியே என் கையில் மிஞ்சிக் கிடக்கிறது. மீன் எங்கே நிற்கும் என்று தெரிந்த பிறகு சாமியிடம் எதைக் கேட்பது? கேட்க ஒன்றுமில்லை என்றால் கும்பிடுவது ஏன்? இதுதான் என் முள்.

முதலில், அந்தப் படத்துக்கு உண்மையில் என்ன தெரியும் என்று விசாரித்தேன். அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா, மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரத்தில் பேரேரிகளுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஐந்து பேரேரிகளுக்கும் நாள்தோறும் இந்த வரைபடம் அங்கிருந்து வருகிறது. செய்மதி அளப்பது தண்ணீர் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை. அந்தக் கதிர் வருவதோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான மேல்தோலிலிருந்து. எங்கள் ஏரியின் மிக ஆழமான இடம் 244 மீற்றர். 244 மீற்றரில் ஒரு மில்லிமீற்றரைக் கூட முழுதாகப் பார்க்காத கண் அது.

இன்னொரு குறையும் உண்டு. முகில் மூடினால் செய்மதிக்கு ஏரி தெரியாது. அன்றைக்குப் படம் வராமல் விடாது. முதல்நாள் படத்தை எடுத்து, கொஞ்சம் மெழுகி, அதையே இன்றைய படமாக வெளியிடுவார்கள். முகில் பல நாள் நின்றால் நாங்கள் போனில் பார்ப்பது பழைய ஏரி. பார்ப்பதற்குப் புதுசு போலவே இருக்கும். நிறம் ஒன்றும் மங்கியிராது.

தோலைப் பார்த்து உடம்பைச் சொல்ல எப்படி முடிகிறது என்றால், தண்ணீருக்கு ஒரு குணம் இருக்கிறது. நன்னீர் 4 பாகையில்தான் அதிக அடர்த்தி. அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் இலேசாகி மேலே வரும். அதனால்தான் குளிர்காலத்தில் ஏரியின் அடி உறையாமல் மீன் பிழைக்கிறது. அதனால்தான் கோடையில் சூடான தண்ணீர் ஒரு மூடி போல மேலே மிதக்க, கீழே குளிர்ந்த தண்ணீர் தனியாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில மீற்றருக்குள் வெப்பம் சடாரென்று இறங்கும். தூண்டில் கயிற்றோடு ஒரு வெப்பமானியைக் கட்டி இறக்கினால் 20, 19, 19 என்று வந்து திடீரென்று 14, 11, 8 என்று விழுவதைப் பார்க்கலாம். அந்த விழுகிற இடத்தில்தான் மீன்.

இந்த மூடியை நகர்த்துவது காற்று. மேற்கேயிருந்து கச்சான் மூன்று நாள் விடாமல் அடித்தால், பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் காற்றுப் போகும் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது தெற்கே, ஒதுங்கும். வடகரையில் ஒழிந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்நீர் எழும். நேற்றுப் பிள்ளைகள் நீந்திய இடத்தில் இன்று கால் வைக்க முடியாது. அதுதான் படத்தில் வரும் நீல நாடா. கொண்டல், அதாவது கீழ்காற்று, திரும்பினால் எல்லாம் தலைகீழ். சூடான தண்ணீர் வடகரைக்கே திரும்ப வந்து குவியும், குளிர்நீர் ஆழத்துக்கு இறங்கிவிடும். கச்சான், கொண்டல் என்ற பெயர்கள் எங்கள் ஊர்க் கடலுக்கு வைத்தவை. ஆனாலும் இந்த ஏரிக்குப் பொருந்திவிட்டன. காற்றுக்கு ஊரில்லை.

இதெல்லாம் விளங்கியபோது எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்துச் சைவசமய வாத்தியார் நினைவுக்கு வந்தார். ஒருநாள் கரும்பலகையில் நடராசரை வரைந்து ஐந்தொழிலைக் காட்டினார். உடுக்கை படைத்தல், அமைந்த கை காத்தல், நெருப்பு அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல். மற்ற நான்கும் எனக்குப் பிடிபட்டன. மறைத்தல்தான் பிடிபடவில்லை. எழும்பிக் கேட்டேன்: "சாமி ஏன் சேர் ஒளிக்க வேணும்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொப்பர் விரிச்ச வலை மீனுக்குத் தெரிஞ்சால் உன்ர வீட்டில அடுப்பு எரியுமோ?" வகுப்பு சிரித்தது. மீன் வாடை அடிக்கிற பெடியன் என்று என்னைப் பார்த்து ஏற்கெனவே சிரிக்கப் பழகிய வகுப்புத்தான் அது. எனக்கு முகம் சுட்டது. ஆனால் அந்தப் பதில் ஐம்பது வருடமாக என்னோடு வருகிறது. அவர் குத்திக்காட்டத்தான் சொன்னார். சொன்னதில் உண்மையும் இருந்தது.

சித்தாந்தம் சொல்வது இதுதான்: உயிர் தன் வினையை அனுபவித்துத் தீர்க்க வேண்டும். எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்துவிட்டால் அது உலகத்தில் இறங்கி ஓடாது, பக்குவமும் அடையாது. அதனால் இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிறான். மறைப்பதும் அருளின் ஒரு வகை. பக்குவம் வந்தபோது அந்தத் திரை தானாக விலகும். ஐயாவின் கடல் அப்படி மறைத்த கடல். வலை மீனுக்குத் தெரியாது, மீன் ஐயாவுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் திரை. யாருக்கும் மேலிடம் இல்லை. வலை நிறைந்தால் தந்தான் என்றும் வெறுமையாக வந்தால் தரவில்லை என்றும் சொல்லிவிட்டு அவர் நித்திரைக்குப் போவார்.

என் ஏரியில் திரை ஒரு பக்கம் மட்டும் விலகியிருக்கிறது. சால்மனுக்கு இன்னும் என் தூண்டில் தெரியாது. எனக்கு மட்டும் அது நிற்கும் தண்ணீர் தெரியும். அதுவும் நான் பக்குவப்பட்டதால் விலகவில்லை. புதுப் போன் வாங்கியதால் விலகியது.

மருமகனுக்கு இந்தக் கதை எதுவும் ஏறாது. இங்கே பிறந்தவன், நல்ல பிள்ளை, கணக்கியல் படித்தவன். அவன் கேட்கும் கேள்வி வேறு. "மாமா, இந்த மீனே மனுசர் கொண்டந்து விட்டது. இதில சாமிக்கு என்ன பங்கு?"

அவன் சொல்வது சரித்திரம். இந்த ஏரிக்குச் சொந்தமான அத்திலாந்திக் சால்மன் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துபோனது. ஆற்றுக்கு ஆறு ஆலைகளுக்காக அணை கட்டினார்கள், காட்டை வெட்டினார்கள், பிடித்தும் தள்ளினார்கள். பிறகு கடலிலிருந்து ஏல்வைஃப் என்ற சிறுமீன் பேரேரிகளில் பெருகி, 1967இல் மிச்சிகன் ஏரிக்கரையில் குவியல் குவியலாகச் செத்து ஒதுங்கி நாறியது. அதற்கு முந்தைய வருடம், 1966இல், ஹவர்ட் டானர் என்ற மிச்சிகன் மீன்வள அதிகாரி பசிபிக் கரையிலிருந்து கோஹோ சால்மன் முட்டைகளை வருவித்து, குஞ்சு வளர்த்து விட்டிருந்தார். அடுத்த வருடம் சினூக். ஏல்வைஃபைத் தின்ன ஒரு வாய் வேண்டும், தூண்டில்காரருக்கும் ஒரு மீன் வேண்டும். அந்த வழியிலேயே ஒன்ராறியோ ஏரிக்கும் சினூக் வந்தது. இப்போது கணிசமானவை ஆறுகளிலேயே தாமாகப் பிறக்கின்றன. புரட்டாதியில் கனராஸ்கா ஆற்றுக்குப் போனால், போர்ட் ஹோப் நகரத்துக்கு நடுவாலேயே அவை எதிர்நீரில் ஏறுவதைப் பார்க்கலாம். ஏறி, முட்டையிட்டு, அங்கேயே சாகும்.

அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். எங்கள் வீட்டு வளவில் அப்பு நட்ட பலா ஒன்று நின்றது. நட்டது அப்பு, தண்ணீர் ஊற்றியது அம்மா. ஆனாலும் முதல் பழம் பிள்ளையாருக்குத்தான் போனது. நட்டது யார் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நட்டவனுக்கும் காய்த்ததற்கும் நடுவே ஏதோ ஒன்று இருக்கிறது, அது நமது கணக்கில் வராது, அதற்குத்தான் அந்தப் பழம். அவன் தோளை உயர்த்தினான். விவாதத்தில் தோற்றதாக அவனும் நினைக்கவில்லை, வென்றதாக நானும் நினைக்கவில்லை.

இப்படிப் பேச்சாகவே இருந்தது. போன ஆவணியில்தான் அது காரியமாக வந்து முகத்தில் அடித்தது.

மூன்று நாள் கச்சான் அடித்திருந்தது. நாடா நல்ல நீலம். விடிய நான்கரைக்கு பிளஃபர்ஸ் பார்க் இறங்குதுறையில் மருமகனின் 18 அடிப் படகை இறக்கினோம். பின்னால் ஸ்காபுறோ மண்மேடு இருட்டில் சுவர் போல நின்றது. துறைவாயைத் தாண்டும்போதே என் இடக்கன்னத்தில் காற்றுப் பட்டது. தெற்கே பார்த்து ஓடுகிற படகில் இடக்கன்னம் என்றால் கிழக்கு.

"தம்பி, கொண்டல் திரும்பீட்டுது" என்றேன்.

"படத்தில நீலம் நிக்குது மாமா."

நேற்று முழுவதும் முகில் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் பார்த்தது முந்தாநாள் ஏரி. படகின் வெப்பமானி 22 காட்டியது. நீலம் போய்விட்டது, மூடி திரும்ப வந்து மூடிவிட்டது. ஊர்க் கன்னம் வென்றது, செய்மதி தோற்றது என்று பெருமைப்பட நான் இதைச் சொல்லவில்லை. ஐயாவின் கையும் பிழைத்த நாட்கள் ஏராளம். அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

ஆறு மணி மட்டும் ஒன்றும் படவில்லை. பிறகு ஈயக்குண்டை 35 மீற்றருக்கு இறக்கினோம். அங்கே 11 பாகை. பத்து நிமிடத்தில் தடி வளைந்தது. கால் மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தும் விட்டும், கடைசியில் வெள்ளி விலாவும் கரும்புள்ளி முதுகுமாக ஒரு சினூக், ஒன்பது கிலோ இருக்கும், வத்தைப் பக்கத்தில் வந்து சாய்ந்தது. அன்றைய முதல் மீன். நான் வாய்க்குள் "அதிபத்தருக்கு" என்று சொல்லி, குறட்டால் ஊசியைக் கழற்றி, தண்ணீரில் விட்டேன்.

அது போகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. வாலைப் பிடித்து நிமிர்த்தினேன். செவுள் இரண்டு தரம் திறந்து மூடியது. விட்டேன், மறுபடி வயிற்றைக் காட்டியது. மருமகன் படகைத் திருப்பிக்கொண்டு வந்தான். மூன்றாம் தரம் பிடித்தபோது கையில் ஒரு பாரம் மட்டும் இருந்தது. கடற்காகங்கள் வந்துவிட்டன.

"மாமா, மேல்தண்ணி 22" என்றான் அவன், மெதுவாக. "11இல நிண்டது இழுபட்டுக் களைச்சு வந்திருக்கு. இந்தச் சூட்டில ஒட்சிசனும் குறைவு. தப்பாது. இதெல்லாம் தெரிஞ்ச விசயம்தானே."

தெரிந்த விசயம்தான். எனக்கே தெரியும். குளிரறையில் இருந்து எடுத்த பெட்டியை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று ஆட்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். ஆனால் அந்த அறிவை மீன் தேடுவதற்கு மட்டும் வைத்திருந்தேன். சாமிக்குப் படைக்கிற இடத்துக்கு அதைக் கொண்டு வரவில்லை. பிடிக்கும்போது செய்மதிக்காரன், விடும்போது ஐயாவின் மகன். எது எப்போது வசதியோ அது.

அன்று பகல் அக்கா வீட்டில் சோறு. மருமகனின் தாய், என் மூத்தவள், வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் மச்சம் தொடாதவள். நடந்ததைச் சொன்னேன். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்:

"அதிபத்தர் மீனை விட்டது மீன் பிழைக்கவோடா? சாமிக்கெல்லோ விட்டவர்."

"சாமிக்கு விட்டதைக் கடற்காகம் கொண்டு போச்சு அக்கா."

"கடற்காகத்துக்குள்ள சாமி இல்லையோ?"

அவளிடம் எப்போதும் இப்படித்தான், இரண்டாவது வசனத்தில் ஆளை மடக்கிவிடுவாள். ஆனால் அவள் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. படையல் என்பது எங்கே இருக்கிறது? மீனின் உயிரிலா, விடுகிற கையிலா?

அதிபத்தர் கதையைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடிய அடியார்களில் ஒருவர். நாளும் பிடிப்பதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுகிறவர். பிறகு மீன்பாடு குறைகிறது. நாளுக்கு ஒன்றே ஒன்றுதான் படுகிறது. அந்த ஒன்றையும் விடுகிறார். வீட்டில் பட்டினி. அப்படி மெலிந்து கிடந்த நாளில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வலையில் ஏறுகிறது. அதையும் விடுகிறார். இன்றைக்கும் நாகப்பட்டினம் காயாரோகணேசுவரர் கோயிலில் ஆவணி ஆயிலியத்தன்று, மீனவர்கள் கடலுக்குப் போய்ப் பொன்மீன் விடுகிற விழா நடக்கிறது. புலால் மறுத்தலைப் போற்றுகிற சமயம், மீன் கொல்கிற ஒருவரை நாயனார் வரிசையில் வைத்தது எங்களுக்குச் சின்னக் காரியமில்லை. வகுப்பு சிரித்த நாட்களில் நான் அவரைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அக்கா சொன்னது பாதி சரி. கதையில் அந்த மீன்கள் பிழைத்தனவா என்பது பேச்சில்லை. விட்டவருக்கு என்ன போனது என்பதுதான் பேச்சு. ஒரே மீன் இருக்கையில் அந்த ஒன்றை விடுவது அன்றைய சோற்றை விடுவது. பொன்மீனை விடுவது பசிக்கே ஒரு முடிவை விடுவது. ஆவணியில் நான் விட்ட மீனால் எனக்கு என்ன போனது? ஒன்றும் போகவில்லை. 11 பாகை எந்த ஆழத்தில் என்று தெரிந்துவிட்டது. இன்னும் நான்கு இறக்கம் இறக்கினால் இன்னும் மூன்று ஏறும். ஏறவும் செய்தது. முதல் மீன் எனக்குப் படையலாக இருக்கவில்லை, சுங்கமாக இருந்தது. வாசலில் கட்டிவிட்டு உள்ளே போகிற காசு.

அவள் சொல்லாத மறுபாதியும் உண்டு. அதிபத்தர் மீனைக் கடலில் விட்டார், மணலில் போடவில்லை. அவருடைய அறிவுக்கு எட்டிய மட்டில் அது கடலுக்கே திரும்பியது. ஐயாவும் அப்படித்தான், அறிந்த மட்டில் முழுவதையும் செய்தார். எனக்கு எட்டுவது அதைவிடக் கூட. தெரியாமல் செய்தபோது படையலாக இருந்தது, தெரிந்துகொண்டு செய்தால் செத்ததற்கு வைத்த பூவாகிவிடுகிறது. செயல் ஒன்றுதான். அறிவு கூடியதும் அதன் பெயர் மாறிவிட்டது.

முள் இருந்த இடம் இப்போது எனக்குத் தெரிந்தது. 'மீன் எங்கே என்று தெரிந்த பிறகு சாமியிடம் என்ன கேட்பது' என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்வி மீனைப் பற்றியதே இல்லை. ஐயா தண்ணீருக்குள் கையை விட்டபோது அங்கே அவருக்கு ஒரு சாட்டு இருந்தது. கடல் மறைத்திருக்கிறது, நான் என்ன செய்ய என்கிற நல்ல சாட்டு. வெறும் வலைக்கும் அது ஆறுதல், நிறைந்த வலைக்கும் அது மன்னிப்பு. எனக்கு வந்த படம் சாமியை எங்கும் கொண்டுபோகவில்லை. அந்தச் சாட்டைத்தான் கொண்டுபோனது. வினை என்று சொல்கிறார்களே, அது இப்போது இடையில் யாரும் நில்லாமல் நேராக என் கணக்கில் ஏறுகிறது.

அப்படியானால் படத்தை அழித்துவிட்டுப் பழையபடி போகலாமா? ஒரு கிழமை அப்படியும் நினைத்தேன். தெரிந்ததைத் தெரியாததாக நடிப்பதும் ஒரு பொய்தான் என்று விட்டுவிட்டேன். திரையைத் திரும்ப இழுத்து மூட என்னால் முடியாது. ஆனால் திரை விலகிய இடத்துக்கெல்லாம் போகாமல் நிற்க முடியும்.

ஆகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மேல்தண்ணீர் சூடான நாட்களில் முதல் மீனை விடுவதில்லை. விட்டால் அது நாடகம். அதைக் கொண்டு கரைக்கு வந்துவிடுவோம். அது முதலும், அதுவே கடைசியும். இன்னும் எங்கே எத்தனை நிற்கும் என்று தெரிந்துகொண்டே படகைத் திருப்புவதுதான் அன்றைய படையல். அதற்கு விலை உண்டு. முதல் தடவை திருப்பியபோது மருமகன் ஒரு மணித்தியாலம் என்னோடு கதைக்கவில்லை. எனக்கும் கை தடியைத் தேடித் துடித்தது. அந்தத் துடிப்பைக் கண்டபோதுதான், சரி, இதில் எனக்கு ஏதோ போகிறது என்று ஒரு திருப்தி.

அந்த ஒரு மீனையும் பாதி அயலில் தனியே இருக்கும் ஒரு வயதான அம்மாவுக்குக் கொடுக்கிறேன். அதிலும் அறிவு விடாது. எந்த நீர்நிலையில், எந்த மீனில், எந்த நீளத்தில் மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. பெரிய மீனில் நச்சுக் கூட. அதைப் பார்த்துத்தான் துண்டு வெட்ட வேண்டியிருக்கிறது. தானம் கொடுக்கவும் அட்டவணை பார்க்கிற காலம். சலிப்பாக இருக்கிறது. ஆனால் பார்க்காமல் கொடுத்தால் அது தானமில்லை என்பதையும் அந்த ஆவணி மீன் படிப்பித்துவிட்டது.

வாத்தியார் வரைந்த நடராசரை இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் என் கண் தூக்கிய காலுக்குத்தான் போகும், அருள் அங்கே என்று. ஆனால் ஊன்றிய கால் இல்லாமல் தூக்கிய கால் நிற்காது. மறைத்தலின் மேல்தான் முழு ஆட்டமும் பாரம் வைத்து நிற்கிறது. ஏரியின் மேல்தோலில் ஒரு மில்லிமீற்றரை விலக்கிவிட்டு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது என்று நான் பதறினேன். கீழே 244 மீற்றர் அப்படியே ஊன்றி நிற்கிறது. எந்த மீன் வரும், எது கடிக்கும், விட்டது பிழைக்குமா, இதெல்லாம் இன்னும் அந்தக் காலுக்குக் கீழேதான்.

இந்த வைகாசியில் பருவத்தின் முதல் ஓட்டம். ஏரி இன்னும் மூடி போடாத காலம். கரையோரம் கொஞ்சம் சூடு ஏறியிருக்கும், நடு ஏரி 4 பாகைக்குக் கீழேயே கிடக்கும், இரண்டும் சந்திக்கும் கோட்டில் 4 பாகைத் தண்ணீர் அடியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கோட்டுக்குக் கரைப்பக்கம் ஓடினோம். ஏழு மணிக்கு ஒன்று பட்டது. சின்னன், நாலு கிலோ வராது. முதல் மீன்.

ஊசியைக் கழற்றி, வாலடியைப் பிடித்து, முகத்தைக் காற்றுக்கு எதிராக வைத்துத் தண்ணீருக்குள் தாங்கிக்கொண்டு நின்றேன். செவுள் ஒரே சீராகத் திறந்து மூடியது. முழங்கை வரை குளிர் ஏறி விரல்கள் என்னுடையவை இல்லை போல ஆயின. திடீரென்று வால் ஒரு உதறு உதறியது. கை வெறுமையானது. தண்ணீர் மட்டும் சுழித்தது.

மருமகன் வெப்பமானியை எட்டிப் பார்க்கப் போனான். "எத்தினை பாகை மாமா, பாக்கட்டோ?"

"கை விறைச்சுப் போச்சு தம்பி. தப்பீடும்" என்றேன்.

அவன் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்து கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரக் கையை எப்போது நெற்றிக்குக் கொண்டுபோனேன் என்று நினைவில்லை.